இருட்டையும் சேர்த்து

தாலின் நகரில் டிசம்பரில்
சூரியன் ஒன்பதேகாலுக்கு வருவான்,
மூன்றரைக்குள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.
தினக்கூலிக்காரன்கூட
இன்னும் கொஞ்சம் இருப்பான்.
இந்த ஊரில் உட்கார்ந்துதான்
வெயிலை அறுக்கப் படிக்கிறோம்.

மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத அறை.
அங்கே எங்களுக்கு வேறொரு சூரியன்.
அணையாது. அணையக் கூடாது.
அதன் கீழே
நகத்தளவு கண்ணாடிகள் முப்பத்திரண்டு.
ஒரே குப்பிக் கரைசல், ஒரே சுழல்தட்டு,
இருபதாம் வினாடியில் விழுந்த ஒரே துளி,
விட்டதும் ஒரே கை. என் கைதான்.
இருபத்தொன்பது போய்விட்டன.
மிச்சம் மூன்று ஏன் பிழைத்தன என்பதும்
எனக்குத் தெரியாது.

ஈயமும் அயோடினும் சேர்ந்து
எழுப்பிய கறுப்பு.
வெயிலைக் குடிக்கிற நல்ல கறுப்பு.
ஈரம் ஒரு மூச்சு பட்டால் போதும்,
மஞ்சளாகிக் கைவிரித்துவிடும்.
கூரைமேல் சிலிக்கன்
இருபத்தைந்து வருடம் ஆலங்கட்டி வாங்கிக்கொண்டு
வாயைத் திறக்காமல் கிடக்கிறது.
அதோடு போட்டி போடத்தான்
இந்தக் கோபக்காரியை வளர்க்கிறோம்.

உர்மாஸ் சொல்வான்:
'கட்டுரைக்கு ஒரு நல்ல எண் போதும், விர்வே.
செத்ததற்கெல்லாம் யார் அட்டவணை போடுகிறார்கள்?'
நான் போடுகிறேன்.
அவன் சிரித்துக்கொண்டே காபி ஊற்றித் தருவான்.
கெட்டவன் இல்லை,
மார்ச்சில் அவனுக்கு நிதி முடிகிறது.

போன மாதம் சாரெமா தீவிலிருந்து
தங்கை கணவன் ரெய்ன் கூப்பிட்டான்.
தொழுவத்துக் கூரைக்கு உன்னுடையது வருமா?
விலை குறைவாமே?
வரும், என்றேன். பிறகு.
கண்ணாடி உடைந்தால் மழை அந்த ஈயத்தை
எங்கே கொண்டுபோகும்?
கிணறு ஒன்பது அடி தள்ளி.
ஈயத்தைப் பிடித்து நிறுத்த ஒரு பூச்சு
செய்துகொண்டிருக்கிறோம், என்றேன்.
'அது கிணற்றுக்குத் தெரியுமா?'
பின்னால் ஏதோ மாடு கத்தியது.
இருவரும் கொஞ்ச நேரம் அதைக் கேட்டோம்.

வியாழன் இரவு கடலிலிருந்து வந்த புயல்
மின்கம்பிகளை அறுத்துப் போட்டது.
சூரியன் அணைந்தது.
கைபேசி வெளிச்சத்தில் படி ஏறி
நான் போய்ச் சேர்ந்தபோது
அறை முழுக்க, முதல் முறையாக, இரவு.
ஆறு மணி நேரம் நாற்காலியில் இருந்தேன்.
செய்ய ஒன்றுமில்லை.
கோட்டை எடுத்து விளக்கின்மேல் போர்த்தத் தோன்றியது,
அதுவும் ஆறிக்கொண்டிருந்தது.

மின்சாரம் வந்தது.
பதினேழாம் எண்:
அணையும்போது பதினாறு புள்ளி எட்டு.
இப்போது பதினெட்டு புள்ளி ஒன்று.
மூன்று தடவை அளந்தேன்.

ஒளியில் இடம்பெயர்ந்த அயனிகள்
இருட்டில் வீடு திரும்பும் என்று
வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன்,
கொட்டாவி விட்டபடி.
அது ஒரு வாக்கியமாகத்தான் இருந்தது,
இந்த விடியற்காலை வரை.

எந்தக் கூரைக்கு
இரவே இல்லாமல் ஆயிரம் மணி நேரம்
பகல் அடிக்கப் போகிறது?
தூங்கவே விடாமல் நிறுத்திவைத்து
தள்ளாடுகிறது, தள்ளாடுகிறது என்று
குறித்துக்கொண்டிருந்தோமா?
அல்லது இது தேறுவதே இல்லையா,
சாவதற்கு முன் ஒரு முறை
சுடர் தூக்கிப் பார்ப்பதா?
எந்த எண்ணை நம்புவது,
மாலை எண்ணையா, காலை எண்ணையா?

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
'தடை ஏற்பட்டதா?'
ஆம் என்றால் சோதனை செல்லாது,
மறுபடி பூஜ்யத்திலிருந்து.
உர்மாஸ் வந்து பார்த்தான்.
எதுவும் சொல்லவில்லை.
பேனாவை என் பக்கம் தள்ளி வைத்தான்,
அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று
இன்னும் தெரியவில்லை.

ஆம் என்று எழுதினேன்.
கீழே, கட்டத்துக்கு வெளியே:

ஒளி மட்டும் எண்ணினால் மணி 605.
இருட்டையும் சேர்த்தால் 611.
எண் 17. மாலை 16.8, காலை 18.1.
இடது மூலையில் மஞ்சள், கடுகளவு.
நேற்று இருந்ததா?
பார்க்கவில்லை.